மூச்சைப் பிடித்துக் கடலுக்குள்: ஃப்ரீடைவிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரீடைவிங் கற்க வருபவர்களும், அவர்களைக் கடலுக்கு அனுப்பப் பயப்படும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள் 4, 14, 15 மூன்றையும் மட்டுமாவது விட்டுவிட வேண்டாம். நேரில் கற்றுக்கொள்வதற்கு இந்தப் பக்கம் மாற்று ஆகாது.

1. "ஃப்ரீடைவிங்னா சிலிண்டர் இல்லாம கடலுக்குள்ள போறதுதானே? சின்ன வயசுல கிணத்துல முங்கு நீச்சல் போட்டதுதானே இதுவும்?"

அடிப்படை அதுதான். ஒரே மூச்சு, அதற்குள் போய்த் திரும்ப வேண்டும். கிணற்றின் அடிமண்ணை அள்ளிவந்து காட்டியவர் எவரும் பாதி ஃப்ரீடைவர்தான். வேறுபாடு ஆழத்தில் தொடங்குகிறது. கிணற்றின் 4, 5 மீட்டரில் காது கொஞ்சம் வலிக்கும், மூச்சு முட்டும், சட்டென்று மேலே வந்துவிடலாம். 20 மீட்டரில் காது, நுரையீரல், ரத்தத்தில் உள்ள வாயுக்கள் எல்லாமே வேறு கணக்கில் இயங்கும். அந்தக் கணக்குத் தெரிந்து, கூட ஒருவரை வைத்துக்கொண்டு, செங்குத்தாகத் தொங்கும் கயிற்றை ஒட்டி இறங்குவதுதான் ஃப்ரீடைவிங்.

போட்டிகளில் இதற்குப் பல வகைகள். காலில் ஃபின் (நீச்சல் துடுப்பு) அணிந்து இறங்குவது, எதுவும் அணியாமல் கைகால் வீச்சில் இறங்குவது, கயிற்றைப் பிடித்து இழுத்தபடியே போய் வருவது, குளத்தில் கிடைமட்டமாக எவ்வளவு தூரம் என்று பார்ப்பது, அசையாமல் மிதந்தபடி எவ்வளவு நேரம் என்று பார்ப்பது. எடை பூட்டிய சறுக்கு வண்டியில் இறங்குவது தனி வகை. 1992இல் தொடங்கப்பட்ட ஐடா அமைப்பும், சிமாஸ் என்ற பழைய நீரடி விளையாட்டுக் கூட்டமைப்பும் விதிகளை வகுத்துச் சாதனைகளைப் பதிவு செய்கின்றன.

2. "ஒரு மனுஷனால அதிகபட்சம் எவ்வளவு ஆழம் போக முடியும்? எவ்வளவு நேரம் தம் கட்ட முடியும்?"

எப்படிப் போகிறார் என்பதைப் பொறுத்தது. வண்டியில் இறங்கிக் காற்றுப்பையைப் பிடித்து ஏறும் வகையில் ஆஸ்திரியாவின் ஹெர்பர்ட் நிட்ச் 2007இல் கிரீஸின் ஸ்பெட்செஸ் அருகே 214 மீட்டர் போனார். ஒற்றைப் பெரிய ஃபினை அடித்துத் தானே இறங்கித் தானே ஏறுவதில் ரஷ்யாவின் அலெக்சி மல்ச்சானவ் 130 மீட்டரைக் கடந்தவர். ஃபினும் இல்லாமல், கயிற்றையும் தொடாமல் நியூசிலாந்தின் வில்லியம் ட்ருப்ரிட்ஜ் 2016இல் பஹாமாஸின் டீன்ஸ் நீலக்குழியில் 102 மீட்டர் தொட்டார். நமக்கு வியப்பு இந்த மூன்றாவதில்தான். கைகால்களைத் தவிர வேறு எதுவும் அதில் இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, அசையாமல் மிதந்தபடி பிரான்ஸின் ஸ்தெஃபான் மிஃப்சூத் 2009இல் 11 நிமிடம் 35 விநாடி இருந்தார். "24 நிமிடம் இருந்தாராமே" என்று கேட்பவர்கள் குரோஷியாவின் புதிமிர் ஷோபாத்தைச் சொல்கிறார்கள். 2021இல் அவர் இருந்தது 24 நிமிடம் 37 விநாடி. ஆனால் அதற்கு முன் தூய ஆக்சிஜனைச் சுவாசித்துவிட்டு மூச்சைப் பிடித்தார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

3. "எனக்கு 40 விநாடிகூட தாங்கலையே. நுரையீரல் சின்னதா?"

பெரும்பாலும் இல்லை. 40ஆவது விநாடியில் உங்களைத் தவிக்க வைப்பது ஆக்சிஜன் குறைவல்ல, கரியமில வாயு கூடுவது. ரத்தத்தில் அது ஓர் அளவைத் தாண்டியதும் மூளை "மூச்சு விடு" என்று நெருக்கும். முதலில் தொண்டையில் இறுக்கம், பிறகு எச்சில் விழுங்கத் தோன்றும், பிறகு உதரவிதானம் விக்கல் போலத் துடிக்கும். அந்தத் துடிப்பு தொடங்கும்போதும் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்.

எனவே தொடக்கநிலைப் பயிற்சி நுரையீரலைப் பெரிதாக்குவதல்ல. அந்த நெருக்கலுக்குப் பதறாமல் இருக்கப் பழகுவது, உடம்பைத் தளர்த்தி ஆக்சிஜன் செலவைக் குறைப்பது, இவை இரண்டும்தான். சரியான வழிகாட்டலில் ஒரே வார இறுதியில் பலர் 2 நிமிடத்தைத் தொடுவது இதனால்தான்.

4. "இறங்கறதுக்கு முன்னாடி வேக வேகமா இருபது தடவை மூச்சு இழுத்துவிட்டா ரொம்ப நேரம் இருக்கலாம்னு நண்பன் சொல்றான். உண்மையா?"

நேரம் நீளும் என்பது உண்மை. அதனால்தான் இது ஆளைக் கொல்கிறது. சாதாரணமாகவே ரத்தம் ஏறக்குறைய முழு அளவுக்கு ஆக்சிஜன் ஏந்தியிருக்கிறது. வேகமாக இழுத்துவிடுவதால் அதில் சேர்வது சொற்பம். கரியமில வாயுவோ தாறுமாறாகக் குறைகிறது. அதாவது பெட்ரோல் கூடவில்லை. பெட்ரோல் முள்ளைத்தான் உடைத்துவிட்டீர்கள். முந்தைய பதிலில் சொன்ன நெருக்கல் தாமதமாக வரும், அல்லது வரவே வராது. ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பும், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல்.

விரல் நுனி மரத்துப்போவது, உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பது, தலை லேசாவது இவையெல்லாம் "ரெடி" என்பதற்கான அறிகுறி அல்ல. அளவு மீறி மூச்சு வாங்கிவிட்டீர்கள் என்று பொருள். அப்படித் தோன்றினால் அந்த முறை இறங்காமல் இரண்டு நிமிடம் இயல்பாகச் சுவாசியுங்கள்.

5. "பிராணாயாமம் பல வருஷமா செய்யறேன். கும்பகம் ரெண்டு நிமிஷம் வரும். நேரா கடல்ல இறங்கலாமா?"

மூச்சின் மீது கவனமும் தளர்வும் ஏற்கெனவே இருப்பது பெரிய லாபம். ஆனால் பாயில் உட்கார்ந்து பிடிக்கும் 2 நிமிடம், கால் அடித்தபடி நீரில் பாதிகூடத் தேறாது. காதைச் சமன்செய்யக் கும்பகம் கற்றுத்தராது. வேகமாக மூச்சை இழுத்துவிடும் கபாலபாதி, பஸ்திரிகா இரண்டும் 4ஆம் பதிலில் சொன்ன அதே காரணத்தால் நீரில் இறங்கும் முன் செய்யவே கூடாதவை. காலையில் செய்துவிட்டு மதியம் இறங்குவதில் தவறில்லை.

6. "குளம், கடல் எதுவும் பக்கத்துல இல்ல. வீட்ல எப்படிப் பழகறது?"

தரையில் மல்லாந்து படுத்து, ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு. உங்கள் அதிகபட்சம் 2 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியான 1 நிமிடம் மூச்சைப் பிடிக்க வேண்டும், மொத்தம் எட்டு முறை. நடுவே ஓய்வு முதலில் 2 நிமிடம், பிறகு 1:45, 1:30 என்று ஒவ்வொரு முறையும் 15 விநாடி குறையும். கரியமில வாயு முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த சுற்று தொடங்குவதால் கடைசி மூன்று சுற்றுகளில் துடிப்பு வரும். அந்தத் துடிப்போடு தோளையும் முகத்தையும் தளர்வாக வைத்திருப்பதுதான் பயிற்சி. வாரம் மூன்று நாள் போதும்.

குளியல் தொட்டி, வாளித் தண்ணீரில் முகம், பைக்கில் சிக்னலில் நிற்கும் நேரம், இங்கெல்லாம் வேண்டாம். உலர்ந்த தரையில் மயங்கினால் உடம்பு தானே மூச்சு எடுத்துக்கொள்ளும். முகம் தண்ணீரில் இருந்தால் அதே மூச்சில் தண்ணீர் உள்ளே போகும்.

7. "நீச்சல் சுமாராத்தான் தெரியும். சேர்த்துக்குவாங்களா?"

ஐடாவின் இரண்டாம் நிலைப் படிப்புக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். வேகம் தேவையில்லை. அந்தப் படிப்பின் முடிவில் 2 நிமிடம் அசையாமல் மூச்சுப் பிடித்தல், ஒரே மூச்சில் குளத்தில் 40 மீட்டர், கடலில் 12 முதல் 20 மீட்டர் ஆழம் ஆகியவற்றோடு, மயங்கியவரை மேலே கொண்டுவரும் தேர்வும் உண்டு. அந்தக் கடைசித் தேர்வை ஒப்புக்கு நடத்தும் இடத்தில் சேராதீர்கள். சிலிண்டரோடு இறங்கும் ஸ்கூபாவைக் கற்றுத்தரும் எல்லோருக்கும் ஃப்ரீடைவிங் கற்றுத்தரத் தகுதி இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டும் தனித்தனிச் சான்றிதழ்கள்.

8. "நீச்சல் கண்ணாடி இருக்கு. அதுவே போதுமா? வேற என்ன வாங்கணும்?"

2, 3 மீட்டருக்குப் போதும். ராமநாதபுரம் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் அந்த ஆழத்தில்தான் கண்ணாடி மாட்டி வேலை செய்கிறார்கள். அதற்குக் கீழே ஆபத்து. கண்ணாடிக்குள் அடைபட்ட காற்று அழுத்தத்தில் சுருங்க, அந்த வெற்றிடம் கண்ணை வெளியே இழுக்கும். வெள்ளை விழியில் ரத்தம் கட்டிக்கொண்டு இரண்டு வாரம் பயமுறுத்தும். மூக்கையும் மூடும் மாஸ்க்தான் தேவை; மூக்கு வழியே சிறிது காற்றை விட்டு உள்ளழுத்தத்தைச் சமன்செய்யலாம். உள்ளே இடம் குறைவான மாஸ்க்காகத் தேர்ந்தெடுங்கள், ஆழத்தில் வீணாகும் காற்று மிச்சம்.

நீளமான ஃபின், வளைவில்லாத எளிய ஸ்நார்க்கெல் (கவிழ்ந்து மிதக்கும்போது மூச்சு விடும் குழாய்), ரப்பர் இடைவார், ஈயத் துண்டுகள், உடம்பை ஒட்டிய ரப்பர் உடையான வெட்சூட். கடலுக்கு இவற்றோடு மிதவை, கயிறு, அடியில் கட்டும் எடை, மணிக்கட்டையும் கயிற்றையும் இணைக்கும் லேன்யார்டு. காசு குறைவென்றால் விலை மலிவான பிளாஸ்டிக் ஃபின் எடுங்கள். மாஸ்க்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

9. "ஈயம் எவ்வளவு கட்டணும்? எடை கூடினா சீக்கிரம் இறங்கலாமே?"

சீக்கிரம் இறங்கலாம், ஏறுவதுதான் பாடு. 10 மீட்டரில் மிதக்கவும் இல்லாமல் அமிழவும் இல்லாமல் நிற்கும் அளவே தொடக்கநிலையாளருக்குச் சரி. சோதிக்க எளிய வழி: நீர்மட்டத்தில் நின்று காற்றை இயல்பாக வெளியே விடுங்கள். அப்போதும் தலை மேலே மிதக்க வேண்டும். அமிழ்ந்தால் ஒரு துண்டைக் கழற்றுங்கள். மயங்கியவர் காற்றை விட்டுவிடுவார். அந்த நிலையிலும் அவரைக் கடல் மேலேயே வைத்திருக்கும் எடைதான் சரியான எடை.

கடலுக்குக் கட்டிய எடையைக் கிணற்றிலோ குளத்திலோ அப்படியே கட்டக் கூடாது. நன்னீர் அவ்வளவு தாங்காது. 70 கிலோ ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை குறைக்க வேண்டியிருக்கும். இடைவாரின் கொக்கி ஒரே கையால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும்.

10. "மூணு மீட்டர் போனதுமே காதுல ஊசி குத்தற மாதிரி இருக்கு. எல்லாரும் அதைத் தாங்கிக்கிட்டுத்தான் போறாங்களா?"

யாரும் தாங்கிக்கொண்டு போவதில்லை. வலி என்றால் செவிப்பறை உள்பக்கமாக வளைந்துவிட்டது. இன்னும் போனால் கிழியும். குளிர்ந்த நீர் நடுக்காதில் புகுந்து தலை சுற்றும், மேல் எது கீழ் எது என்று தெரியாது. தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் வழியே காற்றைத் தள்ளி இரு பக்க அழுத்தத்தையும் சமமாக்க வேண்டும். வலி வந்தபின் செய்தால் குழாயின் வாய் அழுந்தி மூடியிருக்கும். வலி வரும் முன்பே செய்ய வேண்டும்: தலை நீருக்குள் போகும் முன் ஒருமுறை, பிறகு முதல் 10 மீட்டரில் மீட்டருக்கு ஒருமுறை. மீட்டருக்கு மீட்டர் காற்று மிக அதிகமாகச் சுருங்குவது அந்தப் பத்தில்தான். 6 லிட்டர் காற்று 10 மீட்டரில் 3 லிட்டர், 20இல் 2, 30இல் ஒன்றரை.

ஒரு முயற்சியில் திறக்கவில்லையென்றால் ஒரு மீட்டர் மேலே வந்து முயலுங்கள். அதுவும் ஆகவில்லையென்றால் அன்றைக்குப் போதும். முக்கி ஊதக் கூடாது, உள்காதின் மெல்லிய சவ்வு கிழிந்தால் கேட்கும் திறனே போகலாம். சளி பிடித்திருந்தால் இறங்க வேண்டாம். மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் மோசம்: கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்தால், மேலே வரும்போது விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

11. "மூக்கைப் பிடிச்சு ஊதறேன், பத்து மீட்டர் வரைக்கும் சரியா இருக்கு. அதுக்குக் கீழ ஒண்ணும் நடக்கலையே?"

நீங்கள் வயிற்றாலும் மார்பாலும் ஊதுகிறீர்கள். தலைகீழாக இருக்கும்போது அந்தக் காற்று மேல்நோக்கி, அதாவது காலை நோக்கிப் போகப் பார்க்கும். நுரையீரலும் சுருங்கிவிட்டதால் தள்ளக் காற்று கிடைக்காது. இந்த முறைக்கு அதுதான் எல்லை. அடுத்த முறைக்கு ஃப்ரென்ஸல் என்று பெயர். நுரையீரலைத் தொடாமல், வாயில் உள்ள காற்றை நாக்கால் தள்ளுவது.

இதைக் கற்கத் தமிழ் எழுத்துகள் நன்றாக உதவும். கண்ணாடியில் ஆவி படிய "ஹா" என்று ஊதி, வாயை மூடாமலே பாதியில் நிறுத்துங்கள். தொண்டைக்குள் ஒரு பூட்டு விழுவது தெரியும். அதுதான் குரல்வளைப் பூட்டு. இனி "பத்து" என்று சொல்லப்போய் "த்"திலேயே நில்லுங்கள்: நாக்கு நுனியும் ஓரங்களும் பல்லோடு ஒட்டி முன்வாசலை அடைத்திருக்கும். மூக்கைப் பிடித்து, குரல்வளையைப் பூட்டி, நாக்கு நுனி "த்"தில் இருக்கும்போதே அதன் பின்பகுதியைப் "பக்கம்" என்பதன் "க்"குக்கு எழுப்புங்கள். இடையில் மாட்டிய காற்றுக்குப் போக ஒரே வழி மூக்கின் பின்புறம், அங்கிருந்து காது. சரியாக நடந்தால் பிடித்திருக்கும் மூக்கு லேசாக உப்பும், காதில் "டக்" கேட்கும். வயிற்றில் மறுகையை வைத்துப் பாருங்கள். வயிறு அசைந்தால் இன்னும் பழைய முறையில்தான் ஊதுகிறீர்கள்.

சிலருக்கு ஒரு மணி நேரத்தில் வரும், சிலருக்கு மூன்று வாரம் ஆகும். டிவி பார்த்துக்கொண்டே தினம் நூறு முறை செய்யலாம். கடலில் போய்க் கற்பதைவிட அதுதான் மலிவு.

12. "ஒரு 20 மீட்டர் டைவ் தொடக்கத்துலேருந்து முடிவு வரைக்கும் எப்படி இருக்கும்?"

மிதவையைப் பிடித்து, ஸ்நார்க்கெலோடு கவிழ்ந்து படுத்து 2, 3 நிமிடம் இயல்பான மூச்சு. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கலாம், வேகம் மட்டும் வேண்டாம். கடைசி மூச்சு வயிற்றில் தொடங்கி மார்புக்கு ஏறும். உடனே ஸ்நார்க்கெலை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். மயங்கினால் அது நீரை உள்ளே விடும் குழாய். இடுப்பில் சரியாக மடிந்து, கைகளை ஒருமுறை வீசி, கால்களை வானத்துக்கு நிமிர்த்தினால் கால்களின் எடையே உங்களை 2, 3 மீட்டர் தள்ளிவிடும்.

முதல் 10 மீட்டரில்தான் கால் வேலை அதிகம். நுரையீரல் சுருங்கச் சுருங்க மிதப்பு போய், 15 மீட்டர் வாக்கில் கடலே இழுத்துக்கொள்ளும். காலை நிறுத்திவிடலாம். அடியிலோ மேலேயோ பார்க்காமல், கண்ணுக்கு நேரே இருக்கும் கயிற்றைப் பாருங்கள். தலையை நிமிர்த்தினால் கழுத்து இறுகிக் காது அடைக்கும். கீழே கயிற்றின் நுனியில் உள்ள தட்டைத் தொட்டு, கயிற்றை ஒருமுறை இழுத்துத் திரும்புங்கள். மேலேறும்போது சீரான உதை. 7 மீட்டர் வாக்கில் துணைக்கு வந்தவர் எதிரே வந்து உங்கள் முகத்தைப் பார்த்தபடி கூடவே ஏறுவார். கடைசி 5 மீட்டரில் உதையைக் குறைத்து மிதந்து வரலாம். வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் எல்லாம் சேர்த்து 45 முதல் 50 விநாடிதான். 20 மீட்டருக்கு 4 நிமிடம் தம் கட்டத் தெரிய வேண்டியதில்லை.

13. "30 மீட்டர்ல நுரையீரல் கால்வாசியாயிடும்னா, அதுக்குக் கீழ போறவங்களுக்கு நெஞ்சு நசுங்காதா?"

ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். முழுக்க மூச்சை விட்டபின் நுரையீரலில் மிஞ்சும் காற்றின் அளவுதான் கடைசி எல்லை என்பது கணக்கு. 1960களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையின் பாப் கிராஃப்ட் அந்த எல்லையைத் தாண்டி 73 மீட்டர் போனார். அவரை அளந்து பார்த்ததில், அழுத்தம் கூடும்போது கைகால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தம் மார்புக்குள் வந்து நுரையீரலின் ரத்தக்குழாய்களை நிரப்புவது தெரிந்தது. ரத்தத்தை நசுக்க முடியாது. காற்று விட்ட இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

முகத்தில் குளிர்ந்த நீர் பட்டு மூச்சு நின்றதும் இதயத்துடிப்பு குறையும், கைகால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், மண்ணீரல் சுருங்கிச் சேமித்த சிவப்பணுக்களை வெளியே விடும். சீலுக்கும் திமிங்கலத்துக்கும் இருக்கும் அதே ஏற்பாடு நமக்கும் உண்டு, அளவில்தான் சிறியது. மார்புக்கு ரத்தம் கூடிவிட்டதென்று சிறுநீரகம் நினைத்துக்கொள்வதால் அடிக்கடி சிறுநீர் வரும். அதனால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இந்த ஏற்பாடுகள் நாள்பட ஆழத்துக்குப் பழகும்; அவசரப்பட்டால் பழகாது. நேற்று 20, இன்று 30 என்று தாவுபவர்களுக்குத்தான் நுரையீரல் கசியும். அதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

14. "மேல வந்த பிறகு மயங்கி விழறாங்களாமே? அங்கதான் காத்து இருக்கே, அப்புறம் ஏன்?"

இந்தப் பக்கத்தில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இதுதான். உடம்புக்குத் தேவை ஆக்சிஜனின் சதவீதமல்ல, அதன் அழுத்தம். 20 மீட்டரில் மொத்த அழுத்தம் 3 மடங்கு. நுரையீரலில் ஆக்சிஜன் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டாலும் அங்கே அது நீர்மட்டத்தின் 15 சதவீதத்துக்குச் சமம். தெளிவாக இருப்பீர்கள், "இன்னும் கொஞ்சம் இருக்கலாம்" என்றுகூடத் தோன்றும். மேலே வர வர அந்த மூன்று மடங்கு கரைகிறது. நீர்மட்டத்தில் அது வெறும் 5. அந்த அளவில் மூளை அணைந்துவிடும்.

30இலிருந்து 20க்கு வரும்போது அழுத்தம் கால்பங்கு குறைகிறது. 10இலிருந்து நீர்மட்டத்துக்கு வரும்போது பாதியாகிறது. அதனால் மயக்கம் பெரும்பாலும் கடைசி 10 மீட்டரில், அல்லது தலை வெளியே வந்த முதல் 15 விநாடிக்குள் வரும். முதல் மூச்சின் ஆக்சிஜன் மூளைக்குப் போய்ச் சேரச் சில விநாடி ஆகும். அந்த இடைவெளியில் "ஹா...!" என்று பலமாகக் காற்றை வெளியே விட்டால் நுரையீரல் அழுத்தம் இன்னும் விழும். ஆகவே மேலே வந்ததும் கொஞ்சமாக விட்டு, வேகமாக முழு மூச்சு இழுத்து, ஒரு விநாடி நிறுத்தி, மறுபடி கொஞ்சம் விட்டு இழுக்க வேண்டும். ஐந்து முறையாவது. போட்டிகளில் 15 விநாடிக்குள் மாஸ்க்கைக் கழற்றி, கையால் சைகை காட்டி, "ஐயம் ஓகே" என்று சொல்லவில்லையென்றால் அந்த டைவ் செல்லாது. விதியின் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

15. "கூட வந்தவர் மயங்கிட்டா நான் என்ன செய்யணும்?"

நீருக்கடியில் என்றால்: ஒரு கை தாடைக்குக் கீழே, மறுகை தலையின் பின்னால், வாயும் மாஸ்க்கும் மூடியபடியே பிடித்து மேலே கொண்டுவாருங்கள். மாஸ்க்கைக் கீழே கழற்ற வேண்டாம். மயங்கியவரின் குரல்வளை சிறிது நேரம் தானே இறுக மூடிக்கொள்ளும். நுரையீரலில் நீர் புகாமல் காப்பது அதுதான். அதைத் தாண்டி நேரம் போகக் கூடாது. தேவையென்றால் அவருடைய ஈய வாரை அவிழ்த்துவிடுங்கள்.

மேலே வந்ததும் மல்லாத்தி, முகம் நீருக்கு மேலே. மாஸ்க்கைக் கழற்றுங்கள். கண்ணைச் சுற்றிக் காற்று ஊதி, கன்னத்தில் தட்டி, பெயரைச் சொல்லி "மூச்சு இழு" என்று உரக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் சில விநாடியில் இழுத்துவிடுவார்கள். 10 விநாடியில் இழுக்கவில்லையென்றால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதுங்கள். ஊதியபடியே படகுக்கோ கரைக்கோ இழுத்துப் போங்கள். அங்கே மூச்சோ அசைவோ இல்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவி, இருந்தால் ஆக்சிஜன். நன்றாக எழுந்து சிரித்தாலும் அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது. தண்ணீரை உள்ளே இழுத்திருந்தால் மருத்துவமனை கட்டாயம்; மூச்சுத்திணறல் பல மணி நேரம் கழித்தும் வரலாம்.

16. "ஆழமே இல்லாத நீச்சல் குளத்துல தனியா பழகினா என்ன ஆயிடும்?"

மயங்கியவர் மூழ்க ஒரு மீட்டர் போதும். கரையில் உயிர்காப்பாளர் உட்கார்ந்திருப்பது துணையாகாது. அடியில் அசையாமல் இருப்பவர் பயிற்சி செய்கிறாரா மயங்கிவிட்டாரா என்று அவருக்குத் தெரியாது. துணை என்பவர் ஒருவர் கீழே இருக்கும்போது மேலே இருந்து அவரை மட்டுமே பார்ப்பவர், அவர் மேலே வந்தபின் 30 விநாடி கண்ணை எடுக்காதவர், 15ஆம் பதிலில் உள்ளதைச் செய்யத் தெரிந்தவர். இரண்டு பேரும் ஒன்றாக இறங்கினால் இருவருக்கும் துணையில்லை.

17. "ஒரு தடவை போயிட்டு வந்து எவ்வளவு நேரம் ரெஸ்ட் எடுக்கணும்?"

ஆழம் குறைவென்றால், நீருக்கடியில் இருந்த நேரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு. ஆழம் கூடினால் மீட்டரை 5ஆல் வகுத்து வருவதை நிமிடமாக எடுத்துக்கொள்ளலாம்: 30 மீட்டருக்கு 6 நிமிடம். இரண்டில் எது அதிகமோ அது.

18. "ஸ்கூபால மூச்சைப் பிடிக்கவே கூடாதுங்கறாங்க, இங்க பிடிங்கறீங்க. எது சரி?"

இரண்டும் சரி. ஸ்கூபாவில் 10 மீட்டரில் நிரப்பும் நுரையீரலில் மேல்மட்டத்தைப் போல் இரு மடங்கு காற்று இருக்கிறது. அடைத்துக்கொண்டு ஏறினால் அது விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். நீங்கள் மேலிருந்து கொண்டுபோன காற்று சுருங்கிப்போய், திரும்பி வரும்போது பழைய அளவுக்கு வருகிறது, அவ்வளவுதான். இதிலிருந்து வரும் விதி: கீழே ஸ்கூபா நண்பர் விளையாட்டாக நீட்டும் குழாயில் ஒரு மூச்சுகூட வாங்கக் கூடாது. வாங்கிய கணத்தில் நீங்கள் ஸ்கூபா கணக்குக்கு மாறிவிட்டீர்கள். தூத்துக்குடியில் கம்ப்ரசர் குழாயோடு சங்கு எடுக்க இறங்குபவர்களுக்கும் அதே கணக்குத்தான்.

19. "நம்ம மன்னார் வளைகுடாவுல முத்துக்குளிச்சவங்க கால்ல கல்லைக் கட்டிக்கிட்டு இறங்கினாங்களாமே. அதுவும் ஃப்ரீடைவிங்தானா?"

அதுவேதான், பதக்கம் இல்லாத ஃப்ரீடைவிங். கல்லைக் காலில் கட்டிக்கொள்ளவில்லை. கல் கட்டிய கயிற்றின் வளையத்தில் பாதத்தை நுழைத்துக்கொண்டு நின்றபடி இறங்குவார்கள். அடியைத் தொட்டதும் பாதத்தை எடுத்துவிட, மேலே கயிறு பிடிப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். குளியாள் சிப்பியை வலைக்கூடையில் வாரிக் கயிற்றை அசைக்க, அவரையும் மேலே இழுப்பார்கள். ஒரு கல்லுக்கு இரண்டு பேர் மாறி மாறி. பார் என்று அவர்கள் சொல்லும் சிப்பிப் படுகைகள் 5 முதல் 10 பாகம், அதாவது 9 முதல் 18 மீட்டர் வரை ஆழம்.

இந்த முறையின் நுட்பத்தைக் கவனியுங்கள். இறங்கக் கல், ஏற மேலிருப்பவர் கை. சொந்த ஆக்சிஜன் முழுவதும் அடியில் சிப்பி பொறுக்குவதற்கே. கால் கீழாக இறங்குவதால் காற்று தலைப்பக்கம் நிற்கும், காதைச் சமன்செய்வது எளிது. 11ஆம் கேள்விக்கு இடமே இல்லை. அரபுக் குளியாள்கள் மூக்கில் கொம்புக் கவ்வி மாட்டினார்கள், நம்மவர்கள் விரலால் பிடித்துக்கொண்டார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிக்கு அரசே கூலி கொடுத்தது. குளியாள்கள் அவரில்லாமல் இறங்க மாட்டார்கள் என்று வெள்ளைக்காரத் துரைகளுக்கும் தெரிந்திருந்தது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

20. "சிலிண்டர் இல்லாதவங்களுக்கு பெண்ட்ஸ் வராதுன்னு படிச்சேன். நம்பலாமா?"

ஓரிரு முறை 20 மீட்டர் போய்வருபவர் கவலைப்பட வேண்டாம். அடிக்கடி, ஆழமாக, ஓய்வில்லாமல் போனால் வரும். ஒவ்வொரு டைவிலும் கொஞ்சம் நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. வெளியேற நேரம் கொடுக்காமல் அடுத்தது, அதற்கடுத்தது என்றால் சேர்ந்துகொண்டே போகும். மேலே வரும்போது அது உடம்பில் குமிழிகளாகப் பிரிவதால் வரும் நோய்தான் பெண்ட்ஸ். பசிபிக்கின் துவாமோத்து தீவுகளில் ஒரே நாளில் பல மணி நேரம் 30 மீட்டருக்கு மேல் திரும்பத் திரும்ப இறங்கிய முத்துக்குளிப்பவர்களுக்குத் தலைசுற்றல், வாதம், சில சமயம் மரணம் வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் தரவானா. பக்கத்து மங்காரெவா தீவினர் நடுவே பத்து நிமிடத்துக்கு மேல் ஓய்வெடுத்தார்கள். அவர்களிடம் அந்த நோய் இல்லை. டென்மார்க் கடற்படை மருத்துவர் பவுலேவ் பயிற்சிக் கோபுரத்தில் 15, 20 மீட்டருக்கு ஐந்து மணி நேரத்தில் அறுபது முறை போய்வந்து, தானே நோயாளியானார். 1965இல் அதை எழுதினார். இரண்டாம் கேள்வியில் வந்த நிட்ச் 2012இல் சாந்தொரினியில் இன்னும் ஆழம் முயன்று, இதே நோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்.

ஆகவே 17ஆம் பதிலில் உள்ள ஓய்வு காலவிரயமல்ல. ஸ்கூபா முடித்த அன்று ஃப்ரீடைவிங் கூடாது, ஒரு நாள் இடைவெளி விடுங்கள். நாள் முழுக்க இறங்கியவர் மறுநாள் வரை விமானம் ஏறாமல் இருப்பது நல்லது.

21. "கடலோடி இனத்துக்காரங்களுக்கு உடம்பே மாறிப்போச்சாமே? அப்ப நமக்கு இதெல்லாம் சரிப்படுமா?"

தென்கிழக்காசியாவின் பஜாவ் மக்களின் மண்ணீரல், அருகில் நிலத்தில் வாழும் சலுவான் மக்களுடையதைவிட ஏறக்குறைய 50 சதவீதம் பெரிது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. கடலில் இறங்காத பஜாவ்களுக்கும் அப்படியே என்பதால் அது பரம்பரையாக வந்தது என்று கொள்ளலாம்.

எல்லாமே பிறப்பில் வருவதில்லை. இன்னொரு கடலோடி இனமான மோக்கன் மக்களின் குழந்தைகள் நீருக்கடியில் கண்மணியைச் சுருக்கி ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்கு துல்லியமாகப் பார்க்கிறார்கள் என்று 2003இல் கண்டறிந்தார்கள். பிறகு ஐரோப்பியக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது அவர்களுக்கும் வந்துவிட்டது. கொரியாவின் ஜெஜு தீவில் பாட்டி வயதில் இருக்கும் ஹேன்யோ பெண்கள் இன்னமும் சிலிண்டர் இல்லாமல் சங்கும் பாசியும் எடுக்கிறார்கள். மேலே வந்ததும் விசில் போலக் காற்றை விட்டு இழுப்பது அவர்கள் வழக்கம். பலமாக விடாமல் கட்டுப்படுத்தி விடுவது, 14ஆம் பதிலில் சொன்னதற்கு உறவுதான்.

22. "ஆஸ்துமா இருக்கு. பிரஷர் மாத்திரை சாப்பிடறேன். இறங்கலாமா?"

டைவிங் மருத்துவம் தெரிந்த மருத்துவரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு மட்டும். வலிப்பு, இதய நோய், செவிப்பறையில் ஓட்டை, கர்ப்பம் இவற்றுக்கு வேண்டாம் என்பதே பதில். சாப்பிட்டு 2, 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நிறைந்த வயிறு உதரவிதானத்தை அசையவிடாது, தலைகீழாகும்போது பிரியாணி திரும்பி வரும். காப்பி துடிப்பை ஏற்றும்.

23. "மேல வந்து துப்பினேன், எச்சில்ல லேசா ரத்தம். மூக்குலேருந்து வந்ததா, நுரையீரல்லேருந்தா எப்படித் தெரிஞ்சுக்கறது?"

மாஸ்க்குக்குள் சிவப்பு, மூக்கைச் சிந்தினால் சிவப்பு, நெற்றியிலோ கன்னத்திலோ வலி, இருமல் இல்லை என்றால் பெரும்பாலும் சைனஸ். ஒரு வாரம் இறங்காதீர்கள். இருமும்போது ரத்தம் வருகிறது, அதில் நுரை கலந்திருக்கிறது, நெஞ்சு கனக்கிறது, மூச்சிழுத்தால் கரகரவென்று சத்தம், ஆழ்ந்து இழுக்கவே இருமல் என்றால் நுரையீரல் கசிந்திருக்கிறது. ஆழத்தை அவசரமாகக் கூட்டியது, அடியில் துடிப்பு வந்தபோதும் தங்கியது, கீழே கையை நீட்டி உடம்பை முறுக்கியது, தலையைத் தூக்கிப் பார்த்தது இவையே வழக்கமான காரணங்கள். எது என்று சந்தேகமாக இருந்தால் நுரையீரல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே நீரைவிட்டு வெளியேறி, உட்கார்ந்த நிலையில் ஓய்வு. படகில் ஆக்சிஜன் இருந்தால் கொடுக்க வேண்டும். மூச்சுத்திணறல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனை. அங்கே "நீந்தினேன்" என்று சொல்லாமல், எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை முறை, மூச்சைப் பிடித்து இறங்கினேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் நெஞ்சுச் சளிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடக் கூடும். அறிகுறி எல்லாம் போனபிறகும் சில வாரம் இறங்காமல் இருந்து, திரும்பும்போது அன்று கசிந்த ஆழத்தில் பாதியிலிருந்து தொடங்க வேண்டும்.